கொழும்பு வாழ்வும் குடும்பக் கணக்கும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சமயம் வளர்க்கும் மன்றமொன்றின் மேடையில் வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்று சிலர் எண்ணலாம். பொருந்தும் என்பதே எமது கருத்து. இல்லறத்தை நல்லறமாகப் போற்றுவது நமது சமயம். வீட்டுக் கணக்கிலே பொய் புகுந்தால் அந்த அறத்திலும் பொய் புகுந்துவிடும். இன்று நம் இளைஞருட் பலர், ஆண்களும் பெண்களும், படிப்பு முடிந்ததும் கொழும்புக்குப் புறப்பட ஆயத்தமாகின்றனர். ஆதலால் அந்தப் பயணத்தின் உண்மையான விலை யாது, அதனைக் கொடுப்பவர் யார் என்பவற்றைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றோம்.

கொழும்பு நம்மவரை அழைப்பது இன்று நேற்றன்று. ஒரு காலத்திற் காலியே இத் தீவின் முதன்மைத் துறைமுகமாக விளங்கியது. 1875 இல் தொடங்கிய அலைதடுப்பு அணை 1885 இல் நிறைவெய்த, அவ்விடத்தைக் கொழும்பு பெற்றது. துறைமுகத்தைச் சுற்றி வங்கிகளும் வர்த்தக நிலையங்களும் அரசாங்கக் கந்தோர்களும் பெருகின. 1905 இல் வடபகுதிப் புகையிரதப் பாதை காங்கேசன்துறை வரை வந்தது. 1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. நம் முன்னோர் எழுதுவினைஞராயும் ஆசிரியராயும் கணக்காளராயும் சென்றார்கள். போடிங்கிலே சிக்கனமாக இருந்து, மாதந்தோறும் வீட்டுக்கு மணியோடர் அனுப்பினார்கள். அந்த மணியோடரிலே கிணறு வெட்டப்பட்டது, கல்வீடு எழுந்தது, தங்கைமாருக்குச் சீதனம் சேர்ந்தது, கோயிற்றிருப்பணியும் நடந்தது.

இன்று அப் பணத்தின் திசை மாறிவிட்டது. முன்னர் பணம் தெற்கிலிருந்து வடக்கே வந்தது. இப்பொழுதோ, ஒருவன் உத்தியோகம் ஏற்கும் முதலாண்டு இரண்டாண்டுகளில், வடக்கிலிருந்து தெற்கே போகின்றது. தாயின் காப்பும் தந்தையின் தோட்டக்காணியும் ஈட்டுக்குப் போய், கொழும்பிலே வாடகை முற்பணமாக மாறுகின்றன. சில குடும்பங்களில் வெளிநாட்டிலுள்ள மாமனோ சித்தப்பாவோ அந்தச் சுமையைத் தாங்குகின்றனர். பிள்ளை சம்பாதிக்கப் போயிருக்கிறான் என்று ஊர் சொல்கிறது. அவனைச் சம்பாதிக்க அனுப்பிய செலவை எவரும் எழுதி வைப்பதில்லை.

அங்கே வீடும் அறையும் ஏன் இவ்வளவு விலையாகின்றன? கொழும்பு மாநகரம் ஏறத்தாழ 37 சதுர கிலோமீற்றர் பரப்பே உடையது. மேற்கே கடல். அந்தக் கடலை நிரப்பி 269 ஹெக்டேயர் நிலம் எடுத்துத் துறைமுக நகரம் அமைத்தார்கள்; அது பெருமுதலாளரை நோக்கியது, எழுதுவினைஞர் குடியிருக்க எழுந்ததன்று. நாட்டின் பெரிய கந்தோர்களிற் பெரும்பாலானவை இந்தச் சிறிய பரப்புக்குள்ளேயே நெருங்கியிருக்கின்றன. இது எல்லார்க்கும் பொதுவான காரணம்.

நமக்கு மட்டும் உரிய காரணம் ஒன்றும் உண்டு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை ஆகிய சில பகுதிகளையே நாம் தேடுகின்றோம். அங்கே கோயிலுண்டு, நம் கறிவகை கிடைக்கும் கடையுண்டு, தமிழிலே பேசித் தேவையை முடிக்கலாம். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களைக் கண்ட பெற்றார், தமிழர் கூடி வாழும் இடத்திலேயே பிள்ளை இருக்க வேண்டுமென்று விரும்பியது இயல்பே. ஆயின் அந்தச் சில வீதிகளையே ஆயிரக்கணக்கானோர் தேடும்போது வாடகை ஏறாமல் என் செய்யும்? வெளிநாட்டுப் பணம் கொண்டு வாங்கப்பட்ட தொடர்மாடி வீடுகளும் அவ்விலையை மேலும் உயர்த்தின. வாடகை என்ற பெயரில் நாம் கொடுப்பதில் ஒரு பங்கு அச்சமின்றி உறங்குவதற்குக் கொடுக்கும் விலை. அந்த அச்சம் வெறுங் கற்பனையன்று. 2007 ஜூன் 7 ஆம் நாள் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூறு பேருக்கு மேல் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அச் செயலைத் தடுத்து இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. போர் முடிந்தது 2009 இல். எனினும் பெற்றார் மனத்தில் அந்த நாட்கள் இன்னும் இருக்கின்றன.

இனிக் கணக்குக்கு வருவோம். நாம் சொல்லும் தொகைகள் உதாரணத்துக்கு எடுத்தவை. இடத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப மாறும். ஓர் இளைஞனுக்கு 80,000 ரூபா சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 வீதம், அதாவது 6,400 ரூபா கழியும். கையில் வருவது 73,600 ரூபா. இன்னொருவருடன் பங்கிட்ட அறைக்கு அவன் பங்கு வாடகை 25,000 ரூபா எனக் கொள்வோம். மூன்று நேரச் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நாளொன்றுக்கு 1,200 ரூபாவாயின் மாதம் 36,000 ரூபா. எஞ்சுவது 12,600 ரூபா. பஸ், மின்சாரம், தொலைபேசி, சவர்க்காரம், மருந்து எல்லாம் இதற்குள்ளே அடங்க வேண்டும். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊர் வந்தாலும், கந்தோரில் ஒரு கலியாணத்துக்கு அழைத்தாலும் அந்த மாதம் கடன்தான்.

அதற்கு முன்னே நிற்பது முற்பணம். ஆறு மாதம், சில இடங்களில் ஒரு வருடம் என்று கேட்கின்றனர். மேற்சொன்ன அறைக்கு ஆறு மாதமெனில் 150,000 ரூபா. முதற் சம்பளம் கைக்கு வரும்வரை ஒரு மாதம் சாப்பிட வேண்டும். அது 36,000 ரூபா. ஆக, ஒரு சதமேனும் உழைக்குமுன் இரண்டரை மாதச் சம்பளம் செலவாகிவிடுகின்றது.

முற்பணத்தில் இருவகை உண்டென்பதையும் கவனியுங்கள். ஒன்று, மாதவாடகையிற் கழித்துக்கொள்வது. மற்றொன்று, வீட்டை விடும்போது திருப்பித் தருவது. முதல் வகையில், வாடகையில்லா ஆறு மாதமென்று மயங்கிக் கையிலுள்ளதைச் செலவழித்தவன் ஏழாம் மாதம் மீண்டும் பெருந்தொகை தேடித் தவிக்கின்றான். இரண்டாம் வகையில், சுவரிலே ஆணியடித்தாய், குழாய் பழுதாயிற்று என்று சொல்லித் தொகை குறைக்கப்படுவதுண்டு. எது எந்த வகை என்பதை ஒப்பந்தத்தில் எழுதுவித்து, பற்றுச்சீட்டும் பெறாமல் பணம் கொடுக்கலாகாது.

மின்சாரத்திலும் ஒரு நுட்பமுண்டு. அலகு கூடக்கூட, ஓர் அலகின் விலையும் கூடும்படியே வீட்டுக் கட்டணம் அமைந்திருக்கின்றது. பல அறைகளுக்கு ஒரே மின்மானி இருந்தால், ஒவ்வொருவரும் சிறிதே பாவித்தாலும் மொத்தம் உயர்ந்த படிக்குப் போய்விடும். தனியே இருந்தாற் கொடுக்கும் விலையிலும் கூடிய விலையை ஒவ்வொருவரும் கொடுக்க நேரும். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக நூற்றுக்கு 75 வீதமும் 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதமும் உயர்த்தப்பட்டபோது இந்தப் பொதுமானி வீடுகளில் எழுந்த மனக்கசப்பு கொஞ்சமன்று.

2022 ஆம் ஆண்டைப் பற்றியும் சொல்லவேண்டும். அவ்வாண்டு செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் நூற்றுக்கு 69.8 வீதமாயிற்று, உணவுப் பொருள்களில் 94.9 வீதம். ஓராண்டுக்கு முன் நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ 195 ரூபா தேவைப்பட்டது. 2023 இல் பணவீக்கம் தணிந்தது என்று பத்திரிகைகள் எழுதின. ஊரிலுள்ள பெரியோர் சிலர், விலைகள் பழைய நிலைக்கு வந்துவிட்டன என்று அதற்குப் பொருள் கொண்டனர். விலை ஏறும் வேகம் குறைந்தது என்பதே அதன் பொருள். ஏறிய விலை ஏறியபடியே நின்றது.

இவை யாவும் எண்ணிக் காட்டக்கூடிய செலவுகள். எண்ணிக் காட்ட முடியாதனவும் உண்டு. வாடகை குறைந்த இடமென்று வத்தளைக்கோ மொறட்டுவைக்கோ போனால், காலையும் மாலையும் பஸ்ஸிலே நின்றபடி மணிக்கணக்கிற் கழியும். தங்கைமார் நிலை இன்னும் கடினம். இருட்டியபின் வரலாகாது, சமைக்கலாகாது, விருந்தினரை அழைக்கலாகாது என்று நிபந்தனைகள் பல. பாதுகாப்புக்காக அவர்கள் கூடிய வாடகை கொடுத்துக் குறைந்த வசதியைப் பெறுகின்றனர்.

நாம் இன்று சிறப்பாகச் சொல்ல விரும்பும் விடயம் இனித்தான் வருகின்றது. இவ்வளவு நெருக்கடியையும் நம் பிள்ளைகள் வீட்டுக்குச் சொல்வதில்லை. இரவிலே பாணும் வாழைப்பழமும் உண்டுவிட்டு, "அம்மா, நல்லாய்ச் சாப்பிட்டேன்" என்று தொலைபேசியில் சொல்கின்றனர். தாய்க்குத் துன்பம் வேண்டாமென்ற அன்பே அதற்குக் காரணம். அதனை நாம் பழிக்கவில்லை. ஆயின் விளைவைப் பாருங்கள். மகன் கையில் மிச்சமிருக்கிறது என்று நம்பிய வீடு புதிய கடனுக்குக் கையெழுத்திடுகின்றது. தங்கையின் கலியாணத்துக்கு நாட் குறிக்கின்றது. திருவிழா உபயத்துக்குப் பெரிய தொகை எழுதுகின்றது. அயல்வீட்டுத் தம்பியும் அதே நம்பிக்கையிற் காணியை ஈடு வைத்துப் புறப்படுகின்றான். ஒருவன் அன்பினாற் சொன்ன பொய், மூன்று குடும்பங்களின் கடனாகிவிடுகின்றது.

கொழும்புக்குப் போகாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. அந் நகரம் நம்மவர்க்குத் தொழில் தந்தது, அறிவு தந்தது. நம்மவரும் அதற்குக் கொடுத்தனர். பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுப்பித்த கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலும், 1902 இல் தோன்றிய விவேகானந்த சபையும், 1942 இல் தோன்றிய தமிழ்ச் சங்கமும் அங்கே நிற்கின்றன. போகின்றவர் கணக்கறிந்து போகவேண்டும் என்பதே எமது வேண்டுகோள். ஆழமறியாமற் காலை விடாதே என்பது நம் ஊர் முதுமொழி.

பெரியோர்களே, பிள்ளையிடம் "எவ்வளவு அனுப்புவாய்?" என்று கேட்குமுன் "உனக்கு எவ்வளவு வேண்டும்?" என்று கேளுங்கள். முதல் ஓராண்டு அவனிடம் ஒன்றும் எதிர்பாராதீர்கள். ஊரிலே 50,000 ரூபாவுக்கு வேலை கிடைத்தால், கொழும்பின் 80,000 ரூபாவுடன் ஒப்பிட்டு அதனை இகழாதீர்கள். வீட்டுச் சோறும் வாடகையில்லாக் கூரையும் அந்தச் சம்பளத்தோடு சேர்த்து எண்ணப்பட வேண்டியவை.

இளைஞர்களே, மாதமொருமுறை ஒரு தாளில் வரவையும் செலவையும் எழுதி வீட்டுக்கு அனுப்புங்கள். அதிலே வெட்கப்பட ஒன்றுமில்லை. உண்மை தெரிந்த தாய் ஒருநாள் அழுவாள். பிறகு அதற்கேற்ப வீட்டை நடத்துவாள். உண்மை தெரியாத தாய் கடன்காரன் வாசலுக்கு வரும் நாளில் அழுவாள்.

மன்றத்தாருக்கும் இரண்டு வேண்டுகோள்கள். கொழும்பிலுள்ள நம் அங்கத்தவர் தங்கியிருக்கும் அறைகள், அவற்றின் வாடகை, முற்பணம், நிபந்தனைகள் ஆகியவற்றை ஓர் இடாப்பில் எழுதி, ஆண்டுதோறும் திருத்தி வையுங்கள். புதிதாகப் போகிறவன் தரகரை நம்பாமல் அதனைப் பார்த்து முடிவு செய்யலாம். அன்றியும், முற்பணத்துக்கென வட்டியில்லாக் கைமாற்று நிதியொன்றை ஏற்படுத்துங்கள். உத்தியோகத்திலுள்ள அங்கத்தவர் மாதம் ஆயிரம் ரூபா கொடுத்தால், இருபத்தைந்து பேர் சேர்ந்து ஆறு மாதத்தில் ஒருவனுடைய முற்பணத்தை உண்டாக்கலாம். அவன் சம்பளத்திலிருந்து சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுக்க, அடுத்தவனுக்கு அது போய்ச் சேரும். ஒரு தாயின் காப்பு அவள் கையிலேயே இருக்கும். அதுவும் ஒரு திருப்பணியே.

எல்லாம் வல்ல இறைவன் நம் பிள்ளைகளுக்கு நல்ல தொழிலையும், நல்ல துணையையும், உண்மை பேசும் துணிவையும் அருளுவானாக.