எறிவானேன், கொடுத்தால் என்ன?



அமெரிக்க நாட்டுப் பெரிய மளிகைக் கடைகளில் விற்காமல் மிஞ்சும் ரொட்டியும் பாலும் காய்கனிகளும் குப்பைத் தொட்டிக்குப் போவதுண்டு. கேட்டால் நமக்குக் கோபம் வருகிறது. "பசித்தவனுக்குக் கொடுத்தால் என்ன? கல்நெஞ்சர்கள்!" என்கிறோம். கோபம் நியாயமே. ஆயினும் கடைக்காரர் நிலையில் சற்று நின்று பார்ப்போம்.

முதலாவது, அச்சம். கொடுத்த உணவை உண்டு ஒருவர் நோயுற்றால் வழக்கு வருமே என்று அஞ்சுகிறார்.

இரண்டாவது, தேதி. பொட்டலத்தில் அச்சிட்ட நாள் கடந்தால் பண்டம் கெட்டுவிட்டதென்று எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அது சுவையும் பதமும் குன்றாதிருக்கும் காலத்தையே குறிப்பது. அந்நாட்டு மத்திய அரசின் சட்டம் குழந்தைகளுக்கான பால்மாவுக்கு மட்டுமே அத்தேதியைக் கட்டாயமாக்கியுள்ளது.

மூன்றாவது, செலவு. நல்லதைப் பிரித்தெடுக்க ஆள் வேண்டும், கெடாமல் வைக்கக் குளிர்பதன அறை வேண்டும், கொண்டுசெல்ல வண்டி வேண்டும். எறிவதற்கோ, குப்பை வண்டி கடைவாசலுக்கே வருகிறது!

அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில் பத்துப் பிள்ளைகளின் தாய் ஒருத்தி இருந்தாள். கணவன் சிறையில். கடைகளின் பின்புறத் தொட்டிகளில் கிடைத்த நல்ல உணவைக் கொண்டு பிள்ளைகளைக் காப்பாற்றினாள். பணத்திற்கு வங்கி இருப்பதுபோல் உணவுக்கும் ஒன்று வேண்டும் என்ற எண்ணத்தை ஜான் வான் ஹெங்கல் என்ற தொண்டருக்குத் தந்தவள் அவளே. அங்குள்ள தூய மரியன்னை பங்கு, பயனின்றிக் கிடந்த ஒரு கட்டடத்தையும் 3,000 டாலரையும் அவருக்கு அளித்தது. 1967-இல் உணவு வங்கி பிறந்தது. முதல் ஆண்டிலேயே 2,75,000 பவுண்டு உணவு ஏழைகளின் கைக்குச் சேர்ந்தது.

பின்னர்ச் சட்டங்களும் வந்தன. நல்லெண்ணத்துடன் உணவு கொடுப்போரை வழக்கிலிருந்து காக்கும் சட்டத்தை 1996-இல் அமெரிக்கா இயற்றியது. 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள், உண்ணத்தக்க உணவை வேண்டுமென்றே பாழாக்குவதை 2016-இல் பிரான்சு தடுத்தது. தொண்டு நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்யவும் கட்டளையிட்டது.

ஆனால், அன்பர்களே, சட்டம் அச்சத்தைப் போக்கும். வண்டி ஓட்டாது, கூடை சுமக்காது. 1996-க்குப் பின்னும் அமெரிக்கக் கடைகளில் உணவு குப்பைக்குப் போவது நின்றபாடில்லை. கடைக்கும் பசித்த வீட்டுக்கும் நடுவே யாரேனும் நிற்க வேண்டும். பீனிக்ஸ் நகரில் அவ்விடத்தில் நின்றது நம்மைப் போன்ற ஒரு பங்கு. "அவர்கள் ஏன் கொடுக்கவில்லை?" என்று கேட்கும் நாம், "வாங்கிக்கொண்டு போக யார் காத்திருந்தார்கள்?" என்றும் கேட்போமாக.