கதவைத் திறக்கிறது கடைசி வேலை

இன்னைக்கு கோடிங், கேரியர் எதுவும் இல்ல. குதிரை.

நன்னிலம் பக்கத்துல எங்க பெரியப்பா வீட்ல மணின்னு ஒரு மட்டக்குதிரை இருக்கு. வயசு 18, காயடிச்சது, பரம சாது. ரெண்டு வருஷம் முன்னாடி துணைக்குன்னு ஒரு இளம் ஆண்குதிரையை வாங்கிட்டு வந்தார். வந்த அன்னைக்கே சாயங்காலம் திடல்ல அவுத்து விட்டோம். "ரெண்டும் தானா பழகிக்கும்டா"ன்னார். பத்து நிமிஷம்கூட ஆகல. புதுசு துரத்த, மணி மூலையில மாட்டி முள்கம்பியில விழுந்துச்சு. தொடையில தையல், ரெண்டு மாசம் நொண்டல். புதுசைத் திருப்பி அனுப்பிட்டோம். ஆனா தப்பு அது மேல இல்ல. டெஸ்ட் பண்ணாம நேரா புரொடக்‌ஷன்ல போட்டது நாங்க.

இந்த ஆடியில அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில இருந்து ரெண்டு ஆண்குதிரைங்க வந்துச்சு. எனக்கு அப்ப வொர்க் ஃப்ரம் ஹோம். இந்தத் தடவை நான் விடல.

"இவ்ளோ பயம்னா தனியாவே வச்சுக்கலாமே"ன்னு கேப்பீங்க. குதிரை கூட்டத்துல வாழற மிருகம். நம்ம பக்கத்துலயே கோடியக்கரை சரணாலயத்துல மட்டக்குதிரைங்க காட்டுல திரியுது. இப்படித் திரியுற இடங்கள்ல, பெட்டை கிடைக்காத ஆண்குதிரைங்க பொதுவா தங்களுக்குள்ள கூட்டு சேர்ந்துக்கும். அதனால ஆண்குதிரைங்க ஒண்ணா இருக்கவே முடியாதுன்னு இல்ல. அறிமுகம் எப்படி நடக்குதுங்கிறதுதான் விஷயம்.

முதல்ல மூணு வாரம் தனிக் கொட்டகை, தனி வாளி. கால்நடை மருத்துவர் ரத்தம் எடுத்து கிளாண்டர்ஸ் இருக்கான்னு பார்த்தார். அது மனுஷனுக்கும் தொத்துற நோய்.

அடுத்து, பார்வையும் வாசனையும். திடலுக்கு நடுவுல ஆள் நடக்கிற அளவு இடைவெளி விட்டு ரெண்டு வரிசை மூங்கில் தடுப்பு. முள்கம்பியை முழுசா பிடுங்கிட்டோம். முதல் நாள் கத்தலும் உதையுமா ஒரே அமர்க்களம். ஒரு வாரம் போனதும் மூணும் தடுப்போரமா நின்னு புல் தின்னுச்சு. அதுக்கப்புறம்தான் நாள் குறிச்சோம்.

இங்கதான் நான் சறுக்கப் பார்த்தேன். ரெண்டையும் ஒண்ணா விட்டுடலாம்னு சொன்னேன். டாக்டர் தடுத்தார். ஏற்கெனவே பழகின ரெண்டு சேர்ந்தா, கெழவனுக்கு எதிரா ஒரு அணி ஆயிடும். அதனால சாதுவானதை முதல்ல விட்டோம். இன்னொண்ணு தடுப்புக்கு அந்தப் பக்கம், கண்ணுக்குத் தெரியற மாதிரி.

காலையில, வெளிச்சம் இருக்கும்போது விட்டோம். மூணுக்கும் பின்னங்கால் லாடத்தைக் கழட்டியாச்சு. மூலைகளை எல்லாம் மூங்கிலை வளைச்சுக் கட்டி அடைச்சாச்சு. குதிரை எத்தனையோ அதைவிட ஒரு புல்லுக்குவியல் அதிகமா, தள்ளித் தள்ளி வச்சோம். அக்கம்பக்கத்துல பெட்டைக்குதிரை இல்லைன்னு விசாரிச்சுக்கிட்டோம். பிள்ளைங்க வீட்டுக்குள்ள.

மூக்கோட மூக்கு வச்சு மோந்துக்கும். கீச்சுன்னு கத்தும், முன்னங்காலைத் தரையில அடிக்கும். பயப்படாதீங்க, அது அதுங்களோட பேச்சு. ஆனா ஒண்ணு நிக்காம துரத்திக்கிட்டே இருந்தா, இன்னொண்ணுக்கு விலகிப் போக வழியே விடலைன்னா, உடனே பிரிக்கணும். அப்பவும் நடுவுல போய் நிக்காதீங்க. கதவைத் திறந்து விலகப் பாதை கொடுங்க, தூரத்துல இருந்து தீவனம் காட்டுங்க.

சுவிட்சர்லாந்துல ஆண்குதிரைகளைக் கூட்டமா விட்டுப் பார்த்த ஒரு ஆய்வு 2013-ல வெளியாச்சு. முதல் சில நாள்லயே மோதல் மளமளன்னு குறைஞ்சுதாம். எங்க திடல்லயும் அதேதான். நாலு நாள் கழிச்சு ரெண்டாவதையும் விட்டோம். மணிக்கு ஒரு கீறல் விழுந்துச்சு, அவ்ளோதான்.

ராத்திரி இப்பவும் தனித்தனியாத்தான் கட்டறோம். காயடிக்கிறதைப் பத்தி டாக்டர்கிட்ட பேசிட்டிருக்கோம். பண்ணினாலும் குணம் உடனே மாறாது, சில வாரம் ஆகும்.

போன வாரம் வீடியோ கால்ல பெரியப்பா போனைத் திடல் பக்கம் திருப்பினார். மூணும் ஒரே தொட்டியில தண்ணி குடிச்சிட்டிருந்துச்சு. "நீ சொன்ன மாதிரி அவசரப்படல"ன்னார். ரெண்டு வருஷம் முன்னாடி நானும்தான் அவசரப்பட்டேன், அதை அவர் சொல்லல.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.