அண்டை வீட்டாரின் ஆட்சேபணையும் நகரமைப்புச் சட்டமும்
(உரையின் எழுத்து வடிவம்)



நகரத்தில் ஒருவர் தமது மனையில் எழுப்பும் கட்டிடம் அவருடைய சொந்த விஷயமாக மட்டும் இருந்துவிடுவதில்லை. அண்டை வீட்டின் காற்றும் வெளிச்சமும், தெருவின் குடிநீரும் சாக்கடையும், நடந்து செல்வோரின் வழியும் அதனால் பாதிக்கப்படுகின்றன. எனவேதான் குடியிருப்பு, வாணிபம், தொழில், பூங்கா என நிலங்களை மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் விதிமுறைகள் வகுக்கப்படுகின்றன. விதிக்கு விலக்கு கேட்கப்படும்போது, அதனால் பாதிக்கப்படும் அண்டை வீட்டாரின் குரல் எங்கே, எப்போது கேட்கப்படுகிறது என்பதே இங்கு எழும் கேள்வி.

பெங்களூர் நகரில் ஹலசூருக்கும் இந்திரா நகருக்கும் இடையே அமைந்துள்ளது ஜோகுபாளையம். பழைய குடியிருப்புகளும் குறுகிய தெருக்களும் உள்ள பகுதி இது. 2011-ஆம் ஆண்டு அக்டோபரில் மெட்ரோ ரயில் ஹலசூர் வழியே ஓடத் தொடங்கியது. இத்தகைய வசதி வரும் இடங்களில் நிலத்தின் மதிப்பு உயர்வதும், வீடுகளைக் கடைகளாகவும் அலுவலகங்களாகவும் மாற்றும் நாட்டம் பெருகுவதும் இயல்பே. மாற்றம் முழுவதும் தீங்கானது என்று கூற இயலாது. வீட்டின் முன்புறத்தில் நடக்கும் தையற்கடையும் மளிகைக் கடையும் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. எது ஏற்கத்தக்கது, எது தகாதது என்பதைத் தெருவில் வாழ்வோரின் கருத்தறிந்து முடிவு செய்ய ஒரு முறை வேண்டும் என்பதே முக்கியம்.

அமெரிக்காவின் நியூயார்க் நகரம் 1916-ஆம் ஆண்டில் மண்டல விதிகளை இயற்றியபோதே, அவற்றின் மீதான மேல்முறையீடுகளை விசாரிக்க வாரியம் ஒன்றையும் அமைத்தது. பின்னர் அந்நாட்டின் பல நகரங்கள் இம்முறையைப் பின்பற்றின. மனையின் வடிவம் போன்ற தனிப்பட்ட காரணத்தால் விதியைக் கடைப்பிடிக்க இயலாதவர் வாரியத்திடம் விலக்குக் கோரலாம். அண்டை வீட்டாருக்கு முன்னறிவிப்பு, பகிரங்க விசாரணை, காரணங்களுடன் கூடிய முடிவு ஆகிய மூன்றும் இம்முறையின் தூண்களாகும்.

நமது நாட்டில் இப்பணி ஒரே வாரியத்திடம் இல்லை. பல அமைப்புகளிடம் பிரிந்து கிடக்கிறது. கர்நாடகத்தில் 1961-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமைப்புச் சட்டம் இதற்கு அடிப்படையாகும். பெருந்திட்டத்தின் நகல் வெளியானால், பொதுமக்கள் 60 நாட்களுக்குள் கருத்துக் கூறலாம். 2031-ஆம் ஆண்டை நோக்கிய பெங்களூர் நகல் திட்டம் 2017 நவம்பரில் வெளியானபோது, ஆயிரக்கணக்கான ஆட்சேபணைகள் குவிந்தன. 2020-ஆம் ஆண்டில் அத்திட்டத்திற்கு அளித்த தற்காலிக ஒப்புதலை அரசு திரும்பப் பெற்றது.

தனிப்பட்ட நிலத்தின் உபயோகத்தை மாற்றுவதற்கு இச்சட்டத்தின் 14-ஏ பிரிவு வழி செய்கிறது. மாற்றம் பொதுநலனுக்கு உகந்ததாக இருக்க வேண்டும். சட்டத்திற்கு முரணாக இருத்தலாகாது. அப்பகுதியில் பரவியுள்ள நாளிதழில் அதை வெளியிட்டு, குறைந்தது 15 நாட்கள் ஆட்சேபணைக்கு அவகாசம் தர வேண்டும். அரசின் முன் ஒப்புதலும் தேவை. குடியிருப்போருக்குச் சட்டம் திறந்து வைத்துள்ள கதவு இதுவே. ஆயினும் நாளிதழின் ஒரு மூலையில் வரும் சிறு விளம்பரம் பலர் கண்ணில் படுவதில்லை. ஹலசூர் வட்டாரத்தில் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. கன்னட அறிவிப்பைப் படித்து விளக்க அருகில் ஒருவர் இல்லையெனில், அந்தப் பதினைந்து நாட்களும் வீணே கழிந்துவிடும்.

மேல்முறையீட்டிலும் ஓர் ஏற்றத்தாழ்வு உண்டு. 1976-ஆம் ஆண்டின் கர்நாடக மாநகராட்சிகள் சட்டப்படி, விதிமீறிய கட்டிடத்தை இடிக்க ஆணையாளர் பிறப்பிக்கும் உத்தரவை எதிர்த்துக் கர்நாடக மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம். உத்தரவு பெற்ற கட்டிட உரிமையாளருக்கு இவ்வழி எளிதில் பயன்படுகிறது. உத்தரவே பிறப்பிக்கப்படாதபோது துன்புறும் அண்டை வீட்டாரோ, பெரும்பாலும் உயர் நீதிமன்றத்தையே நாட நேரிடுகிறது. எளிய குடும்பத்திற்கு அது தொலைவான வாயில்.

எனினும் அந்த வாயில் அடைபட்டதன்று என்பதை இரு வழக்குகள் காட்டுகின்றன. உடுப்பியில், திருமண மண்டபத்துடன் சொற்பொழிவுக் கூடமாக அனுமதி பெற்ற கட்டிடத்தைத் திரையரங்காக மாற்ற நகராட்சி இணங்கியது. அதை எதிர்த்த குடியிருப்பாளர் ஒருவருக்கு 1974-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் நியாயம் வழங்கியது. பெங்களூர் ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்ட திறந்தவெளி, மருத்துவமனை கட்டுவதற்காக 1976-இல் ஒரு தனியார் அறக்கட்டளைக்கு வழங்கப்பட்டது. அப்பகுதி மக்கள் வழக்குத் தொடுத்தனர். அந்த ஒதுக்கீடு செல்லாது என்றும், பூங்காவை இழக்கும் குடியிருப்போருக்கு வழக்காடும் உரிமை உண்டு என்றும் 1991-ஆம் ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதி கிடைத்தது, ஆனால் பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. தொடக்கத்திலேயே மக்களை அழைத்துக் கேட்டிருந்தால் இக்காலமும் பொருளும் மிஞ்சியிருக்கும்.

தெருவின் அளவிலேயே கேட்பதற்குரிய அமைப்பு வார்டு குழுவாகும். 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் இதற்கு வித்திட்டது. மாநகராட்சிகள் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, மாமன்ற உறுப்பினரின் தலைமையில் அமையும் குழுவின் நியமன உறுப்பினர் பத்துப் பேரில் மூவர் பெண்களாகவும், இருவர் தாழ்த்தப்பட்ட அல்லது பழங்குடி வகுப்பினராகவும், இருவர் குடியிருப்போர் சங்கங்களின் பிரதிநிதிகளாகவும் இருக்க வேண்டும். ஆனால் 2020 செப்டம்பரில் பெங்களூர் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தபின், பல ஆண்டுகள் தேர்தல் நடைபெறவில்லை. ஜோகுபாளையம் போன்ற வார்டுகளுக்குத் தம் உறுப்பினரே இல்லாத நிலை ஏற்பட்டது.

செய்யத்தக்கவை எளியவையே. நில உபயோக மாற்ற அறிவிப்பை நாளிதழோடு, சம்பந்தப்பட்ட மனையின் முன்னும் ஒட்டலாம். வார்டு குழு அதைத் தன் கூட்டத்தில் படித்து விளக்கலாம். ஆட்சேபணை தெரிவிப்போர் மனையின் அடையாளம், சாலையின் அகலம், மீறப்படும் விதி, விளையும் பாதிப்பு ஆகியவற்றைத் தெளிவாக எழுதி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையைக் கேட்டு வாங்கலாம். ஏற்றாலும் மறுத்தாலும் அதிகாரிகள் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கட்டிடம் எழும்பிய பின் இடிப்பது இரு தரப்பாருக்கும் இழப்பாகும். அடித்தளம் இடுவதற்கு முன்பே அண்டை வீட்டாரைக் கேட்பது ஒருவருக்கும் இழப்பாகாது.