ஒருவர் வருவாயும் இருவர் கணக்கும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புறநகரில் ஒருவர் சம்பளத்தைக் கொண்டு குடும்பம் நடத்துவது எங்ஙனம் என்பதைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு நம் செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தார்கள். தமிழாசிரியரை இப்பொருளில் பேச அழைத்தது ஏன் என்று சிலர் வியக்கலாம். செய்யுளுக்குப் பொருள் கூறுவது எம் தொழில். பொருளுக்குப் பொருள் கூறுவது எம் தொழில் அன்று. ஆயினும், ஒரே சம்பளத்தில் தாம்பரத்துக்கு அண்மையில் நால்வர் கொண்ட குடும்பத்தை யாமும் நடத்தி வருகின்றோம். ஆதலின் அறிஞர் என்ற முறையில் அன்றி, உடன் நடப்பவர் என்ற முறையில் பேசத் துணிந்தோம்.

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் 1931-ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கியது. வேலை நகரத்தில், வீடு புறத்தில் என்னும் வாழ்க்கைக்கு அது பெருவழி திறந்தது. செலவு குறையும் என்று கருதியே பலரும் பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர் முதலிய இடங்களை நாடி வந்தனர். தாம்பரம் 2021-ஆம் ஆண்டில் மாநகராட்சியாயிற்று. ஊரின் பெயர் உயர்வதற்கு முன்னரே மனை விலையும் வாடகையும் உயர்ந்துவிட்டன. சிக்கனத்தை நாடி வந்த இடமே இன்று சிக்கனத்தைச் சோதிக்கும் இடமாயிற்று.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கை எழுதிப் பார்ப்போம். கைக்கு வரும் சம்பளம் 50,000 ரூபாய் எனக் கொள்க. வாடகை 15,000; அடுக்குமாடிப் பராமரிப்பு 2,000; இரு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை மாதத்துக்குப் பிரித்தால் 10,000; மளிகை, பால், காய்கறி 10,000; மின்சாரம், எரிவாயு, தண்ணீர், கைபேசி 4,000; போக்குவரத்து 4,000; மருந்து 2,000; ஊரிலுள்ள பெற்றோர்க்கு 3,000. கூட்டிப் பாருங்கள், சரியாக 50,000. சேமிப்பு என்னும் வரி இதில் இல்லை. தீபாவளி இல்லை. மொய் இல்லை, சீர் இல்லை. அவையெல்லாம் எங்கிருந்து வரும்? கடனிலிருந்து வரும், அல்லது பீரோவிலுள்ள நகையிலிருந்து வரும்.

செலவு மிகும்போது நாம் முதலில் கை வைப்பது அடுக்களையில். எண்ணெயைக் குறை, காய்கறியைக் குறை என்கின்றோம். மேற்கூறிய கணக்கில் உணவுச் செலவில் பத்தில் ஒரு பங்கை வருந்திக் குறைத்தாலும் மிஞ்சுவது 1,000 ரூபாய்தான். அதுவும் பிள்ளைகளின் உடம்பிலிருந்து எடுத்த பணம். குடும்பத்தின் பளு நாள்தோறும் செய்யும் சிறு செலவுகளில் இல்லை. ஒருமுறை முடிவு செய்து, பின் ஆண்டுக்கணக்கில் சுமக்கும் பெருஞ்செலவுகளில் இருக்கின்றது. அவற்றுள் தலையானவை மூன்று: வீடு, பள்ளி, சுற்றத்தாரிடை மதிப்பு.

முதலில் வீட்டைக் காண்போம். 40 லட்சம் ரூபாய்க் கடனை, நூற்றுக்கு எட்டரை வட்டியில், 20 ஆண்டுகளில் அடைப்பதாக வைத்துக்கொள்க. மாதத் தவணை ஏறக்குறைய 34,700 ரூபாய் ஆகும். இருபது ஆண்டுகளில் நாம் கட்டுவது 83 லட்சத்துக்கு மேல். வட்டியே முதலினும் மிகுதி. 50,000 ரூபாய் சம்பளக்காரர் இதனைச் சுமப்பாராயின், எஞ்சிய 15,300 ரூபாயில் நால்வர் உண்ண வேண்டும், உடுக்க வேண்டும், கற்க வேண்டும். சொந்த வீடு இல்லாதவன் வீட்டில் யார் சம்பந்தம் செய்வார் என்னும் பேச்சுக்கு அஞ்சி இச்சுமையை ஏற்போர் நம்முள் உளர். வாடகை வீட்டில் மானத்தோடு வாழலாம். தவணை தவறிய சொந்த வீட்டில் அமைதியோடு வாழ்தல் அரிது.

வாடகைக்குக் குடிபோவோரும் இரண்டு செய்திகளை அறிதல் வேண்டும். 2017-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்கின்றது. வழக்கத்தில் கேட்பதோ அதனினும் மிகுதி. ஆதலின் கையெழுத்திடுமுன் பேசிப் பார்த்தல் தவறன்று. இரண்டாவது, குறைந்த வாடகை என்று மகிழுமுன், 2015-ஆம் ஆண்டு டிசம்பரிலும் 2023-ஆம் ஆண்டு டிசம்பரிலும் அத்தெருவில் வெள்ளம் எவ்வளவு உயரம் நின்றது என்று அண்டை வீட்டாரைக் கேளுங்கள். முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் அந்நாள்களில் நீர் புகுந்த வீட்டார் இழந்த கட்டிலையும் குளிர்பெட்டியையும் விலை கூட்டிப் பார்த்தால், குறைந்த வாடகை குறைந்ததன்று என்பது விளங்கும்.

இனிப் பள்ளியைப் பற்றி. யாம் ஆசிரியர் ஆதலின் இதனை அச்சமின்றிச் சொல்லலாம். கட்டணம் உயர்ந்த பள்ளி எல்லாம் கல்வி உயர்ந்த பள்ளி அன்று. பிள்ளையை நாள்தோறும் ஒரு மணி நேரம் அருகிருத்திப் படிக்கச் சொல்லிக் கேட்கும் பெற்றோரே முதற் பள்ளி. அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நூற்றுக்கு ஏழரை இடங்கள் 2020-ஆம் ஆண்டில் ஒதுக்கப்பட்டன. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி சேரும் பெண்பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் 2022-இல் தொடங்கியது. இவற்றை விசாரியாமலே, "நம் வீட்டுப் பிள்ளை அங்கேயா?" என்று கேட்பது மதிப்பு ஆகாது. நியாயவிலைக் கடை வரிசையில் நிற்க நாணுகின்றோம். கடன் கொடுப்பவர் வாயிலில் நிற்க நாணவில்லை. இதனை என்னென்பது?

நிற்க. ஒருவர் வருவாய்க் குடும்பம் என்று நாம் சொல்லும்போது, உழைப்பவரும் ஒருவரே என்று எண்ணிவிடுகின்றோம். இது பெரும் பிழை. 2019-ஆம் ஆண்டில் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிட்டனர். ஆண்களுள் வீட்டு வேலை செய்வோர் செலவிட்டது 97 நிமிடம். ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடமே குறைவான அவ்வுழைப்புக்குச் சம்பளச் சீட்டு இல்லை. அதனால் அது உழைப்பன்று என ஆகிவிடுமா? மனைவியின் இல்லப் பணியும் கணவன் சொத்து ஈட்டுதற்குத் துணை நின்றதே. ஆதலின் அச்சொத்தில் அவளுக்கும் சமபங்கு உண்டு என்று சென்னை உயர்நீதிமன்றம் 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் கண்டதை நம் வீட்டுக் கூடம் இன்னும் காணவில்லை. "உங்கள் வீட்டில் என்ன செய்கிறார்?" என்று கேட்டால், "வீட்டில் சும்மா இருக்கிறாள்" என்று விடை கூறுவோர் இவ்வவையிலும் இருக்கலாம்.

அற்றேல், அவரும் வேலைக்குச் செல்லலாமே என்பர் சிலர். அவர் விரும்பிச் செல்வாராயின் தடுத்தற்கு நாம் யார்? ஆயின் வீட்டு வேலையில் பங்கு கொள்ளாமல் மனைவியை வேலைக்குப் போ என்பது, ஒரு தோளில் இரு சுமை ஏற்றுவதாகும். குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கு ஆகும் செலவு, போக்குவரத்து ஆகியவற்றைக் கழித்து எஞ்சுவது எவ்வளவு என்று இருவரும் அமர்ந்து எழுதிப் பார்த்து முடிவு செய்யட்டும். போவதாயினும் போகாமையாயினும், முடிவு இருவருடையதாகுக. மாமனாரும் மைத்துனரும் சங்கமும் அதில் தலையிட வேண்டுவதில்லை.

யாம் இவ்வளவும் கூறியது இனிக் கூறப்போகும் ஒன்றன் பொருட்டே. சில ஆண்டுகளுக்கு முன் எம் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தையார் மாரடைப்பால் திடீரென மறைந்தார். அடுத்த மாதம் அவ்வம்மையார் பள்ளிக்கு வந்து மகனின் மாற்றுச் சான்றிதழைக் கேட்டார். அவர் பட்டம் பெற்றவர். கணவருக்கு எத்தனை பாங்கிக் கணக்கு உண்டு, யாரிடம் எவ்வளவு கடன், ஆயுள் காப்பீடு உண்டா இல்லையா என்பவற்றுள் ஒன்றும் அவர் அறியார். கணவருடைய கைபேசியைத் திறக்கும் எண்ணும் அறியார். "செலவுக்குக் கேட்டதைக் கொடுப்பார், சார், கணக்கெல்லாம் அவரே பார்த்துக்கொண்டார்" என்றார். வருங்கால வைப்பு நிதியோடு இணைந்த காப்பீடு ஒன்று உண்டு என்பதையும் எம் பள்ளிக் கணக்காசிரியர் சொல்லித்தான் அறிந்தார். தாள்களைத் தேடிப் பணம் கைக்கு வருவதற்குள் நகைகள் அடகு போயின. பையனும் நம் பள்ளியை விட்டுப் போயினான். அக்குடும்பத்தில் பணம் இல்லாமல் இல்லை. பணம் இருக்கும் இடத்தை அறிந்தவர் இல்லை.

ஆதலின் யாம் வற்புறுத்துவது இதுவே: வருவாய் ஒருவருடையதாக இருக்கலாம், கணக்கு ஒருவருடையதாக இருத்தலாகாது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியும் ஒரு குறிப்பேட்டுடன் அமர்க. சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு, காப்பீடு எது என்பவை அதில் இருக்கட்டும். பாங்கிக் கணக்கில் நியமனதாரர் பெயர் உளதா என்று பார்க்க. 2025-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நால்வர் வரை நியமிக்க இடமுண்டு. வைப்பு நிதியைச் சார்ந்த காப்பீட்டின் உச்சவரம்பு 2021-இல் 7 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது என்பதை இல்லத்தார் இருவரும் அறிக. ஒற்றைத் தூணில் நிற்கும் வீட்டுக்கு ஆறு மாதச் செலவுப் பணமும், ஈட்டுபவர் பேரில் ஆயுள் காப்பீடும் முட்டுக்கோல்கள். பத்து வயது கடந்த பிள்ளைகளையும் அருகிருத்துக. நிலை அறிந்த பிள்ளை பிறர் வீட்டுப் பொருளைக் கேட்டு அழாது.

வள்ளுவர் வரவு செலவைப் பற்றிய கருத்தை அரசர்க்குரிய பகுதியில், வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்துள்ளார். தன் வரவை அறிவது தன் வலிமையை அறிவதாகும் என்பது இதனால் பெறப்படும். நாட்டுக்கு ஒக்கும் இவ்வுண்மை வீட்டுக்கும் ஒக்கும்.

இறுதியாக நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். மேற்சொன்ன கணக்கில் மூன்றாம் பளுவாகிய மதிப்பு, வெளியார் நம்மீது ஏற்றியதன்று. நாமே ஒருவர்மீது ஒருவர் ஏற்றியது. ஒரு வீட்டார் காதணி விழாவில் மூன்று வகை இனிப்பு வைத்தால், அடுத்த வீட்டார் ஐந்து வைக்கின்றனர். தாய்மாமன் சீர்த் தட்டுகளை எண்ணிப் பார்க்கும் கண்கள் நம் கண்களே. சீர்த் தட்டுக்கும் மொய்க்கும் ஓர் அளவைச் சங்கமே வகுத்து, முதலில் நிருவாகிகளின் இல்லங்களில் அதனைக் கைக்கொள்க. ஆண்டு விழாப் பந்தலுக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, வாடகை முன்பணத்துக்கு இடர்ப்படும் இளங்குடும்பங்களுக்கு வட்டியில்லாக் கைமாற்று அளிக்கும் நிதியொன்று தொடங்குக. சங்கம் என்பது செல்வர் தம் செல்வத்தைக் காட்டும் அரங்காக இருக்குமாயின், ஒரு சம்பளக்காரர் மெல்ல வாராது நின்றுவிடுவர். அவர் வாராத சங்கத்தில் எஞ்சியிருப்போர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

வரும் ஞாயிறு அக்குறிப்பேட்டைத் திறப்பீர்களாக.