தொட்டிலா, கூலியா?

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட மகளிர் கூட்டத்தில், கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



மில் சங்கு ஊதியதும் நேரே இங்கே வந்திருக்கிறீர்கள். நடவை முடித்துவிட்டு, காலில் சேறு காயுமுன் வந்தவர்களும் இருக்கிறீர்கள். வீட்டில் உலை வைக்க வேண்டும் என்ற நினைப்பு எல்லோருக்கும் இருக்கும். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நிர்வாகத்திடம் கொடுக்கப்போகும் கோரிக்கைப் பட்டியலைப் பற்றிக் கமிட்டியில் பேசினோம். கூலி உயர்வு, பஞ்சப்படி, போனஸ், பதிலித் தொழிலாளரை நிரந்தரமாக்குவது ஆகியவற்றில் கருத்து வேற்றுமை எழவில்லை. கடைசிக் கோரிக்கை, மில்லில் குழந்தைக் காப்பகம். “அது பெண்கள் விஷயம். பேச்சுவார்த்தையில் எதையாவது விட்டுக்கொடுக்க நேர்ந்தால் அதை விட்டுவிடலாம்” என்றார் ஒரு தோழர். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. போராட்டத்தில் அடிபட்டவர், சிறை சென்றவர். ஆனால் அவர் சொன்னது சரியா? அதற்குத்தான் இன்று பதில் சொல்லப்போகிறேன்.

யார் எழுப்பும் கேள்வி?

வைண்டிங் பகுதியில் வேலை செய்யும் இளம் தாய்மார்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி. “அக்கா, வேலையை விட்டு நின்னுக்கறதா, பிள்ளையை விட்டுட்டு வேலைக்கு வர்றதா? நீங்களே சொல்லுங்கக்கா.”

நானும் இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள். இந்தக் கேள்வியின் பாரம் எனக்குத் தெரியும். வேலைக்குப் போனால், “பெத்த பிள்ளையைப் போட்டுட்டுப் போறாளே, இவளும் ஒரு தாயா?” என்று தெரு பேசும். வீட்டில் இருந்தால், “சும்மாதானே இருக்கிறாள்” என்று அதே தெரு பேசும். விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்து, சோறாக்கி, துணி துவைத்து, பிள்ளைக்குப் பால் கொடுத்து, ஷிப்டு முடிந்து வருபவனுக்குச் சோறு போடுகிறவள் சும்மா இருப்பவளா? மறுநாள் மெஷினில் நிற்க அவனுக்குத் தெம்பு எங்கிருந்து வருகிறது? நாளைக்கு அதே மெஷினில் நிற்கப்போகும் தொழிலாளியை வளர்த்து ஆளாக்குவது யார்? இந்த உழைப்புக்கு முதலாளியின் பேரேட்டில் ஒரு காசு செலவு எழுதப்படுவதில்லை. அவனுக்கு அது இலவசமாகக் கிடைக்கிறது.

ஆகவே வேலைக்குப் போகிறவளையும் குறை சொல்லாதீர்கள். வீட்டில் இருக்கிறவளையும் குறை சொல்லாதீர்கள். நான் கேட்பது வேறு. இருவரில் எவளாவது தன் இஷ்டப்படி தேர்ந்தெடுத்தாளா?

பிள்ளையைப் பத்திரமாக விட ஓர் இடம் இருந்து, கட்டுப்படியாகும் கூலியும் இருந்து, அதன் பிறகு ஒருத்தி “என் பிள்ளை நடக்கும்வரை வீட்டில் இருக்கிறேன்” என்றால் அது அவள் முடிவு. அதை மதிப்போம். இடமும் இல்லை, கூலியும் போதாது என்னும்போது அவள் வீட்டில் நிற்பது அவள் முடிவல்ல. காப்பகம் கட்டாத முதலாளி அவளுக்காக எடுத்த முடிவு அது. ஆனால் பழி மட்டும் அவள் தலையில் விழுகிறது.

சில தாய்மார்களுக்கு வேறொரு வழி கிடைக்கிறது. பத்து வயது மூத்த மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடுகிறார்கள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வாசலில் நிற்கிறாள். தாய்க்கு வேலை நிலைத்தது, மகளுக்குப் படிப்பு போயிற்று. முதலாளி கட்டாத காப்பகத்தின் செலவை அந்தச் சிறுமியிடம் வசூலித்துவிட்டோம். இதுவா நமக்கு வேண்டிய தீர்வு?

பம்பாய் தரும் பாடம்

இது புதிய சங்கடமல்ல. 1920களில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் தொழிலாளரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பெண். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. என்ன செய்தார்கள் தெரியுமா? கைக்குழந்தைக்கு அபின் உருண்டை கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். அன்று மில் பகுதிகளை ஆராய்ந்த டாக்டர்கள் இதை அறிக்கையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தத் தாய்மார்களுக்குப் பிள்ளைமேல் பாசம் இல்லையா? பாசம் இருந்தது, தொட்டிலுக்கு இடம் இல்லை.

1919ல் வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, பிரசவத்துக்கு முன் 6 வாரமும் பின் 6 வாரமும் விடுப்பு, பால் கொடுக்க நாளுக்கு இரண்டு முறை அரை மணி நேரம் இடைவேளை என்று வகுத்தது. இங்கே பிரிட்டிஷ் ஆட்சி அசையவில்லை. பத்து ஆண்டு கழித்து 1929ல் பம்பாய் மாகாணத்திலும், 1934ல் நமது சென்னை மாகாணத்திலும் பிரசவச் சகாயச் சட்டங்கள் வந்தன. சுதந்திரத்துக்குப் பின் 1961ல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது.

ஆனால் முதலாளி ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு பதில் வைத்திருந்தான். பிரசவச் செலவு அவனுடையது என்றால், பிரசவிக்கும் வயதுள்ள பெண்ணே வேண்டாம் என்றான். பகுத்தமைப்பு என்று சொல்லிப் புதிய மெஷின்களைக் கொண்டுவந்தபோது முதலில் ஆட்குறைப்புக்கு ஆளானவர்கள் ரீலிங், வைண்டிங் பகுதிப் பெண்கள். இரவு ஷிப்டில் பெண்களை வைக்கக் கூடாதென்ற விதியும் அவனுக்கு ஒரு சாக்காயிற்று. பம்பாயிலும் நடந்தது, கோயம்புத்தூரிலும் நடந்தது.

பிற்காலத்தில் மேற்கு மாவட்டங்களின் நூற்பு மில்கள் இன்னொரு தந்திரத்தைக் கண்டுபிடித்தன. கல்யாணமாகாத பெண்களை ஹாஸ்டலில் அடைத்து, மூன்று ஆண்டு வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். “சுமங்கலித் திட்டம்” என்று அதற்கு மங்களகரமான பெயர்! தாயாகும் முன் வா, தாயாகும் நேரத்தில் போய்விடு என்பதே அதன் பொருள். வேலையா பிள்ளையா என்று அந்தப் பெண்ணை யாரும் கேட்கவே இல்லை.

சட்டமும் அதன் ஓட்டையும்

1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே குழந்தைக் காப்பகம் இருந்தது. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் கட்ட வேண்டும் என்றது. 1976ல் அது 30 பெண்கள் என்று குறைக்கப்பட்டது. பார்வைக்கு நல்ல சட்டம்தான். ஆனால் கணக்கு எதை வைத்து? பெண்களின் தலையை வைத்து. பெண்களைக் குறைத்தால் தொட்டிலையும் குறைக்கலாம். கணக்குப்பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா?

2017ல் பிரசவச் சகாயச் சட்டம் திருத்தப்பட்டது. முதல் இரண்டு பிரசவங்களுக்கு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்றது. கவனியுங்கள் தோழர்களே, 50 பெண்கள் என்று சொல்லவில்லை, 50 தொழிலாளர்கள் என்றது. ஆணும் அந்தக் கணக்கில் சேர்ந்தான். தாய் நாளுக்கு நான்கு முறை பிள்ளையைப் போய்ப் பார்க்கலாம். இந்த உரிமைகளை வேலையில் சேரும்போதே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்றும் அந்தத் திருத்தம் சொன்னது. 2020ல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இதே 50 பேர் கணக்குத்தான் எழுதப்பட்டது. இங்கே இருப்பவர்களில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு காகிதம் வந்தது? கை தூக்குங்கள் பார்ப்போம். (ஒருவரும் கை தூக்கவில்லை.)

26 வாரம் என்றால் 6 மாதம். அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அப்படி எடுத்தால் பின்னால் மிஞ்சுவது 18 வாரம், அதாவது நாலு மாதப் பிள்ளை. தலை நின்று சில நாள்தான் ஆகியிருக்கும். அன்று காலை சங்கு ஊதும்போது அந்தத் தாய் என்ன செய்வாள்? காப்பகம் இல்லாவிட்டால் அந்த விடுப்பே வேலையிலிருந்து நிற்பதற்குக் கொடுத்த அவகாசமாக முடிந்துவிடும். பதிலி, கான்ட்ராக்ட் பெண்களின் நிலைமை இன்னும் மோசம். 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்ததாக அவர்கள் ரிஜிஸ்டரில் காட்டியாக வேண்டும். ரிஜிஸ்டரோ காண்டிராக்டர் கையில்.

ஈ.எஸ்.ஐ.யைப் பாருங்கள். 1948ல் சட்டமாக வந்த அந்த ஏற்பாட்டில் ஆண், பெண் எல்லோர் பெயரிலும் சந்தா சேருகிறது. பிரசவ காலப் பணம் அந்தப் பொது நிதியிலிருந்து போகிறது. பெண்ணை நீக்கினால் முதலாளிக்கு அதில் லாபமில்லை. நல்ல ஏற்பாடு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இது ஒரு வழிகாட்டி. பிள்ளையின் பாரம் ஒருத்தியின் தலையில் இருந்தால் அவளை வெளியே தள்ளுவார்கள். எல்லோர் பெயரிலும் பகிர்ந்தால் தள்ள முடியாது.

வரப்போரத்துப் பிள்ளை

விவசாயத் தொழிலாளி சகோதரிகளே! “இதெல்லாம் மில்காரர்களுக்கு, எங்களுக்கு என்ன?” என்று நீங்கள் கேட்பது நியாயம். உங்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு தர எந்த மிராசுதார் இருக்கிறார்? 1940களில் கீழத் தஞ்சையில், வரப்போரத் தூளியில் பிள்ளை வீறிட்டாலும் நடவு வரிசையை விட்டுக் கரையேறிப் பால் கொடுக்க விடாத பண்ணைகள் இருந்ததை மூத்த தோழர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். செங்கொடியின் கீழ் பண்ணையாட்கள் திரண்டு போராடியதால் 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிள்ளைக்குப் பால் கொடுக்கும் நேரத்துக்கும் நம் மக்கள் போராட வேண்டியிருந்தது!

இன்றும் வேப்ப மரத்துத் தூளிதான் உங்கள் காப்பகம். 1975ல் தொடங்கிய அங்கன்வாடி பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் அங்கன்வாடிக் கதவு திறக்குமுன் நாற்றுப் பறி தொடங்கிவிடுகிறது. பால்குடி மறக்காத பிள்ளையை அங்கே விட வசதியில்லை. 2005ல் இயற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் ஒரு நல்ல விதி இருந்தது. வேலைத் தலத்துக்கு வரும் பெண்களோடு 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தால், அந்தப் பெண்களில் ஒருத்தியைப் பிள்ளைகளைப் பார்க்க நிறுத்த வேண்டும், அவளுக்கும் முழுக் கூலி கொடுக்க வேண்டும் என்றது. பிள்ளையைப் பார்ப்பதும் வேலைதான், அதற்கும் கூலி உண்டு என்று சட்டமே ஒப்புக்கொண்டது! அந்த விதியை நாம் மறக்கக் கூடாது. எந்தப் பெயரில் எந்தத் திட்டம் வந்தாலும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஆண் தோழர்களுக்கு

கடைசியாக ஆண் தோழர்களுக்கு. “பெண்கள் விஷயம்” என்றீர்கள். அந்தப் பிள்ளைக்குத் தகப்பன் இல்லையா? வீட்டில் ஒரு கூலி நின்றால் கடை பாக்கி யார் தலையில் ஏறுகிறது? ஒற்றைக் கூலியை நம்பி நிற்கும் குடும்பம் வேலைநிறுத்தத்தில் எத்தனை நாள் தாங்கும்? இது முதலாளிக்கு நன்றாகத் தெரியும். நமக்குத் தெரிய வேண்டாமா?

1919லேயே லெனின், பொதுச் சமையற்கூடத்தையும் குழந்தைக் காப்பகத்தையும் புதிய சமுதாயத்தின் முளைகள் என்று குறிப்பிட்டு, அவற்றைப் பேணி வளர்க்காத அலட்சியத்தைக் கண்டித்தார். சோவியத் ஒன்றியம் 1991ல் இல்லாமற் போயிற்று. ஆனால் அந்தக் கண்டனம் நமக்கு இன்றும் பொருந்துகிறது. மில் கேட்டில் சமத்துவம் பேசிவிட்டு வீட்டில் போய், “பிள்ளை ஏன் அழுகிறது?” என்று மனைவியை அதட்டினால் அது என்ன சமத்துவம்? பிள்ளையைத் தூக்கினால் கை தேய்ந்துவிடாது தோழர்களே! (சிரிப்பு, கைதட்டல்.)

நாம் செய்ய வேண்டியது இதுதான். ஒன்று, காப்பகக் கோரிக்கை பட்டியலில் கடைசியில் இருக்கக் கூடாது, கூலி உயர்வுக்கு அடுத்த இடத்தில் இருக்க வேண்டும். அதை விற்றுவிட்டு வேறொன்றை வாங்கக் கூடாது. இரண்டு, ஒவ்வொரு பகுதியிலும் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை என்று கணக்கெடுங்கள், தகப்பன்மார் பிள்ளைகளையும் சேர்த்து. இரவு ஷிப்டுக்கும், பதிலி, கான்ட்ராக்ட் தொழிலாளரின் பிள்ளைகளுக்கும் காப்பகத்தில் இடம் கேளுங்கள். மூன்று, கிராமங்களில் நடவு, அறுப்புக் காலத்தில் அங்கன்வாடி விடியற்காலையில் திறக்க வேண்டும், அதற்கு ஊழியர்களைக் கூட்டி, கூடுதல் நேரத்துக்குச் சம்பளமும் தர வேண்டும். அந்த ஊழியர்களும் நம் சகோதரிகள்தான், அவர்கள் முதுகில் இந்தப் பாரத்தை ஏற்றக் கூடாது.

வேலையை விடலாமா என்று என்னைக் கேட்ட தங்கைகளுக்குச் சொல்கிறேன். உன் பிள்ளையைப் பற்றி முடிவு செய்யும் உரிமை உன்னுடையது. ஆனால் தனியாக ராத்திரி அழுதுவிட்டு, காலையில் ராஜினாமா எழுதிக் கொடுக்காதே. முதலில் யூனியனுக்கு வா. பிள்ளையைத் தூக்கிக்கொண்டே வா. நாலு பேராகப் போய் நிர்வாகத்திடம் தொட்டில் கேட்போம்.

குழந்தைக் காப்பகக் கோரிக்கை வெல்க!
ஆண், பெண் தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!