கதைகளில் நம் பேரப்பிள்ளைகள்
(குடியிருப்போர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்மில் பலருடைய பேரப்பிள்ளைகள் அமெரிக்காவில் பிறந்தவர்கள். அங்கே அவர்களுக்கு முன்னால் போனவர்கள் பட்ட பாடு நமக்கு அதிகம் தெரியாது. பகத் சிங் திந்த் முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். 1923-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், 'இவர் வெள்ளையர் அல்ல. குடியுரிமை கிடையாது' என்று தீர்ப்பளித்தது. இந்தியர்களுக்கு அந்த உரிமை கிடைத்தது 1946-இல்தான்.

சட்டம் வழிவிட்ட பிறகும் அமெரிக்க அறிவியல் புனைகதைகள் சீக்கிரம் வழிவிடவில்லை. விண்கலம் ஏறிய நாயகர்கள் நெடுங்காலம் பெரும்பாலும் வெள்ளையர்களே.

இப்போது நம்மவர்களே எழுதுகிறார்கள். சஞ்சேனா சத்தியனின் 'கோல்ட் டிக்கர்ஸ்' நாவல் 2021-இல் வந்தது. அட்லாண்டா புறநகரில் ஒரு தாயும் மகளும் மற்ற இந்தியர்களின் நகைகளைத் திருடி, உருக்கி, எலுமிச்சை ஜூஸில் கலக்கிறார்கள். குடித்தால், நகைக்கு உரியவரின் முன்னேறும் வேகம் வந்துவிடும்! அது மாயம். ஆனால், 'முதலிடம் பிடித்தால்தான் இந்த நாட்டில் நமக்கு இடம்' என்ற பிள்ளைகளின் பயம் நிஜம்.

அடுத்த வீடியோ காலில் மார்க்கைக் கேட்கும் முன், "என்ன கதை படிக்கிறாய்? அதில் உன்னைப் போல யாராவது வருகிறார்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள்.