உட்கார்ந்தபடியே ஓர் உடற்பயிற்சி

(முதியோர்களும் சக்கர நாற்காலித் தோழர்களும் கலந்து கொண்ட கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உடற்பயிற்சி. "நிற்கவே முடியாதவர்களிடத்தில் வந்து உடற்பயிற்சியைப் பற்றிப் பேசுகிறானே, இவனுக்கென்ன பைத்தியமா?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அப்படி நினைப்பதில் உங்கள் குற்றம் ஒன்றுமில்லை. நிற்கிறவனுக்கும் ஓடுகிறவனுக்கும்தான் உடம்பு இருப்பதாகவும், உட்கார்ந்துவிட்டவனுக்கு இருப்பது வெறும் பாரம் என்பதாகவும் வெகுகாலமாக நமக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

நம் வீடுகளில் நடப்பதென்ன? பாட்டியார் ஒருதரம் வழுக்கி விழுந்தால் போதும். "நீங்கள் அசையாதீர்கள், எல்லாம் நாங்கள் பார்த்துக் கொள்ளுகிறோம்" என்று ஒரு மூலையில் கட்டிலைப் போட்டு உட்கார வைத்துவிடுகிறோம். அன்பினால்தான் செய்கிறோம், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் உபயோகியாத தசை கரையும். அசையாத மூட்டு இறுகும். சில மாதங்களுக்குள் அந்த அம்மாள் மெய்யாகவே எழுந்திருக்க முடியாதவராகி விடுகிறார். அப்போது "வயதாகிவிட்டது" என்கிறோம். வயது செய்தது பாதி, நாம் செய்தது பாதி என்பதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

கால் செயலற்ற வாலிபனின் கதியோ இதைவிட மோசம். அவனைப் பார்த்து "முன்ஜென்மப் பாவம்" என்கிறார்கள். தோழர்களே! அவன் முதுகெலும்பு முறிந்ததற்குக் காரணம் மோட்டார் விபத்து. பாரிசவாயு வந்ததற்குக் காரணம் மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைத்தது, அல்லது வெடித்தது. இதற்குப் பூர்வஜென்மத்துக் கணக்கைப் புரட்டுவானேன்? பாவம் என்று சொல்லிவிட்டால் சொல்லுகிறவனுக்கு ஒரு சவுகரியம் இருக்கிறது. அவனுக்காகச் சரிவுப் பாதை போட வேண்டியதில்லை. பயிற்சி சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. "ஐயோ" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தன் வழியே போய்விடலாம்.

இந்த எண்ணத்திற்குப் பதில் சொல்லக் கூடிய ஒரு பயிற்சி சீன தேசத்தில் இருந்து வந்திருக்கிறது. அதற்குப் பெயர் தாய்ச்சி. அடிப்படையில் அது ஒரு சண்டைக் கலை. ஆனால் இன்று உலகெங்கும் பெரும்பாலோர் அதை உடல்நலத்திற்காகவே செய்கிறார்கள். உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மற்றொரு காலுக்கு மெதுவாக மாற்றுவது, இடுப்பைத் திருப்புவது, அந்தத் திருப்பத்தோடு கைகள் போவது, மூச்சு அவசரப்படாமல் இருப்பது. இவ்வளவுதான் அதன் சாரம்.

இதற்கும் ஒரு புராணம் உண்டு. வூடாங் மலையில் சாங் சான்ஃபெங் என்ற ஒரு சித்தர் இருந்தாராம். அவர் பாம்பும் பறவையும் சண்டையிடுவதைப் பார்த்து இக்கலையைக் கண்டுபிடித்தாராம். சீனத்து அறிஞரான டாங் ஹாவ் என்பவர் 1930-களில் ஹெனான் மாகாணத்திலுள்ள சென்ஜியாகோ என்னும் கிராமத்திற்கே நேரில் போனார். பழைய குடும்பப் பதிவுகளைப் பார்த்தார். சித்தர் கதைக்கு ஆதாரம் இல்லை என்றும், 17-ம் நூற்றாண்டில் அவ்வூரில் இருந்த சென் வாங்டிங் என்ற போர்வீரரிடத்தில்தான் இக்கலையின் தொடக்கத்தைத் தேடவேண்டும் என்றும் எழுதினார். 19-ம் நூற்றாண்டில் யாங் லூச்சான் என்பவர் அக்கிராமத்தில் கற்றுக்கொண்டு போய்ப் பெய்ஜிங்கில் சொல்லிக் கொடுத்தார். 1956-ல் சீன அரசாங்கத்தின் விளையாட்டுத் துறையார் யாரும் எளிதில் கற்கும்படி 24 அசைவுகளாகச் சுருக்கினார்கள்.

இந்தச் சரித்திரத்தை ஏன் சொல்லுகிறேன்? சித்தர் போனதால் பயிற்சி போய்விடவில்லை என்பது ஒன்று. அதைவிட முக்கியமான சங்கதி வேறொன்று இருக்கிறது. சித்தர் அருளியது என்றால் அதில் ஓர் அசைவைக் கூட மாற்றக்கூடாது என்பார்கள். மனிதன் செய்தது என்று தெரிந்துவிட்டால், மனிதனுடைய தேவைக்குத் தக்கபடி மாற்றிக் கொள்ளலாமல்லவா? சண்டைக்காரனுக்காகச் செய்ததை ஊராருக்காகச் சுருக்கியதுபோல, நிற்கிறவனுக்காகச் செய்ததை உட்கார்ந்திருக்கிறவனுக்காகவும் செய்து கொள்ளலாமல்லவா?

அப்படித்தான் செய்தார்கள். தமக்கே மூட்டுவாதம் இருந்த ஆஸ்திரேலிய டாக்டர் பால் லாம் என்பவர் 1997-ல் மூட்டுவாதக்காரர்களுக்கென்று ஒரு முறையை அமைத்தார். அதை நாற்காலியில் உட்கார்ந்தும் செய்யலாம். அமெரிக்காவில் சட்டநூகா நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த ஸிபின் குவோ என்னும் மானிடவியல் அறிஞர் சக்கர நாற்காலிக்கென்றே 13 அசைவுகள் கொண்ட முறையை வகுத்தார். 2008-ல் பெய்ஜிங்கில் மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக் போட்டிகள் நடந்த சமயத்தில் அது அங்கே அறிமுகமாயிற்று. அவர் சக்கரம் முன்னும் பின்னும் உருளுவதையும் நாற்காலி திரும்புவதையுமே பயிற்சியின் பாகமாக்கிவிட்டார். எதை ஊரார் அவமானச் சின்னமென்று பார்த்தார்களோ, அதுவே காலின் வேலையைச் செய்யும்படி ஆயிற்று.

"எல்லாம் சரி, இதனால் பலன் உண்டா?" என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். சீனாவில் பாரிசவாயு கண்டு தேறிவந்த 160 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உட்கார்ந்து செய்யும் தாய்ச்சியும், மற்றொரு பிரிவுக்கு ஆஸ்பத்திரியில் வழக்கமாகக் கொடுக்கும் பயிற்சியும் 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2022-ல் வெளியான அதன் முடிவு என்னவென்றால், தாய்ச்சி செய்தவர்களுக்குக் கையின் வேலைத்திறனும், சாயாமல் உட்காரும் திறனும், தன் காரியத்தைத் தானே செய்துகொள்ளும் சக்தியும் கூடுதலாக முன்னேறின, மனச்சோர்வும் குறைந்தது.

முதியோர் விழுவதைப் பற்றியும் கணக்கு உண்டு. உலகில் நடந்த பல சோதனைகளை ஒன்று சேர்த்து 2019-ல் பார்த்தபோது, தாய்ச்சி செய்த முதியோரில் விழுகிறவர்களின் தொகை சுமார் 5-ல் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஆனால் அது பெரும்பாலும் நின்று செய்தவர்களின் கணக்கு. நின்று செய்ததின் லாபத்தை உட்கார்ந்து செய்வதின் பேரில் வரவு வைப்பது நாணயமாகாது. உட்கார்ந்து செய்வதைப் பற்றிய சோதனைகள் இன்னும் கொஞ்சம்தான்.

அதுபோலவே, இதனால் "உயிர்ச்சக்தி" உடம்பில் ஓடுகிறது என்று சிலர் வியாபாரம் பேசுவார்கள். அந்தச் சக்தியை இதுவரை ஒருவரும் அளந்து காட்டியதில்லை. தசை வேலை செய்கிறது, மூட்டு அசைகிறது, மூச்சு ஆழமாகிறது, புத்தி ஒரு காரியத்தில் ஊன்றுகிறது, நாலுபேரோடு சேர்ந்து சிரித்துப் பேச இடம் உண்டாகிறது. பலனுக்கு இந்தக் காரணங்கள் போதாதா? அறுந்த தண்டுவடத்தை இது ஒட்டவைக்காது. சர்க்கரை வியாதிக்கும் இரத்தக் கொதிப்புக்கும் சாப்பிடும் மருந்தை இதற்காக நிறுத்தச் சொல்லுகிறவன் எவனாயிருந்தாலும் அவனை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இனிச் செய்கிற முறை. சாதாரண நாற்காலியானால் ஆடாததாகவும், கைப்பிடி இல்லாததாகவும் இருக்கட்டும். சக்கர நாற்காலியானால் முதலில் பழகும்போது பிரேக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். பாதம் தரையில் படியவேண்டும். எட்டாவிட்டால் ஒரு பலகையை வையுங்கள். தோளைத் தூக்காமல், மூச்சை இழுக்கும்போது இரண்டு கைகளையும் மார்பு மட்டத்திற்கு மெதுவாக உயர்த்தி, விடும்போது இறக்குங்கள். பிறகு இடுப்பிலிருந்து ஒரு பக்கம் திரும்பி, கைகளை அந்தப் பக்கம் கொண்டுபோய், திரும்பி வாருங்கள். பின்பு பாரத்தை ஒரு பக்கத்துத் தொடைக்கும் அடுத்த பக்கத்துத் தொடைக்குமாக மாற்றுங்கள். எந்நேரமும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இப்படிப் பாரத்தை மாற்றுவது அவசியம். ஒரே இடத்தில் அழுத்தினால் புண் வரும், உணர்ச்சியற்ற உடம்பில் அது வந்தது கூடத் தெரியாது.

ஒரு கை வராவிட்டால் மற்றக் கை அதைத் தாங்கிக்கொண்டு போகட்டும். முழுவதும் உயராவிட்டால் உயர்ந்த மட்டும் போதும். தொடக்கத்தில் 10 நிமிஷம் செய்யுங்கள். வலித்தாலும் தலை சுற்றினாலும் நிறுத்திவிடுங்கள். எலும்பு நொறுங்கும் நோய் உள்ளவர்களும், தண்டுவடத்தில் அடிபட்டவர்களும், சமீபத்தில் ஆப்பரேஷன் ஆனவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. "அம்மாவுக்கு எதற்கு உடற்பயிற்சி? காலமெல்லாம் வேலை செய்தவள்தானே!" என்று சொல்லாதீர்கள். காலமெல்லாம் பிறருக்காக அசைந்த கை, தனக்காகப் பத்து நிமிஷம் அசையக் கூடாதா? அவர் கையை நீட்ட முயலும்போது நீங்கள் ஓடிப்போய்த் தம்ளரை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள், கொஞ்சம் பொறுத்திருங்கள். ஊரில் படிப்பகம் வைத்திருக்கிறவர்களையும் கேட்கிறேன். உங்கள் வாசலில் மூன்று படி இருந்தால் சக்கர நாற்காலி எப்படி உள்ளே வரும்? பொதுக் கட்டிடங்களில் வழி வேண்டுமென்று 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்லுகிறது. ஒரு சரிவு போடுவதற்கு எத்தனை மூட்டை சிமெண்டு வேண்டும்? போட்டுவிட்டு, வாரத்தில் மூன்று நாள் அங்கே எல்லோரையும் கூட்டி வைத்துச் செய்யச் சொல்லுங்கள்.

கடைசியாக, சீனதேசத்துப் பழமை என்பதற்காகவோ, டாக்டர்கள் எழுதினார்கள் என்பதற்காகவோ இதை நம்பிவிட வேண்டாம். நாளைக் காலையில் உட்கார்ந்தபடியே கையை நீட்டி, அது எட்டுகிற இடத்தில் சுவரில் ஒரு கரிக்கோடு போடுங்கள். மூன்று மாதம் பயிற்சி செய்துவிட்டு, அதே இடத்தில் உட்கார்ந்து மறுபடியும் கையை நீட்டிப் பாருங்கள். கை கோட்டைத் தாண்டினால் விடாமல் செய்யுங்கள். தாண்டாவிட்டால் அதையும் நாலுபேரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.